எந்தப் பற்றரி நல்லது என்று கேட்கும் தம்பிக்கு

கல்முனைக் கடைத்தெருவில் போன் திருத்துகிற கடையொன்றில் உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுகை முடிந்த நேரம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி வந்து, பெருவிரல் தடிப்பில் இருந்த வேப் (இலத்திரனியல் சிகரெட்) கருவியொன்றை மேசையில் வைத்தார்.

"காக்கா, இதில புகை காணாது. வோல்ட் கூடின பற்றரி ஒண்டு போட ஏலுமா?"

கடைக்காரர் லாச்சியைத் திறந்தார். பழைய லெப்டொப்பை உடைத்தெடுத்த உருளைப் பற்றரிகள் ஏழெட்டு உள்ளே உருண்டன. ஒன்றின் நீல உறை நகத்தால் கீறியதுபோலக் கிழிந்து, உள்ளிருந்த தகரம் பளபளத்தது. அதைத்தான் அவர் கையில் எடுத்தார். நான் வாய் திறந்தது அப்போதுதான். அன்று அந்தத் தம்பியிடம் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

வோல்ட் என்பது அடுப்பின் தீ

வேப் கருவிக்குள் நடப்பது ஒரு சின்னச் சமையல். மெல்லிய கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைகோல், கிளிசரின், நிகோட்டின், வாசனைச் சரக்கு. பற்றரியின் மின்சாரம் கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகிறது. புகை என்று நாம் சொல்வது அந்த ஆவியைத்தான்.

வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் சூடும் கொஞ்சம்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. கம்பி மாறாமல் இருந்தால், வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கிய அளவுக்குச் சூடு ஏறும். 1.8 ஓம் கம்பிக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 7.6 வாட். அதையே 5 வோல்ட் ஆக்கினால் ஏறக்குறைய 13.9 வாட். வோல்ட் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் கூடியது. சூடோ இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது.

தாச்சியில் எண்ணெய் கருகிப் புகைந்தால் உம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைத் திறப்பாரே, அந்த எரிச்சலுக்கு முக்கிய காரணம் அக்ரோலின் என்ற இரசாயனம். கிளிசரினை அளவுக்கு மீறிச் சூடாக்கினாலும் அதுவே வருகிறது. அடுப்படியில் ஜன்னல் திறக்கலாம். நெஞ்சுக்குள் இழுத்ததை எந்த வழியால் வெளியேற்றுவது?

ஐந்து வோல்ட்டில் கண்டது

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். ஒரே கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயக்கிப் பார்த்திருந்தார்கள். குறைந்த வோல்ட்டில், ஃபோர்மல்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் அவர்களின் அளவீட்டில் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் அவை தாராளமாக இருந்தன. மருத்துவக் கல்லூரியில் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபோர்மலின், இந்த ஃபோர்மல்டிஹைடைத் தண்ணீரில் கரைத்ததுதான். அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் முடிவு செய்தது.

இந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. அவ்வளவு சூட்டில் பஞ்சு காய்ந்து கருகி, வாயில் வைக்கவே முடியாத கசப்பு வரும், எவரும் அப்படி இழுக்கமாட்டார்கள் என்றார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் "புகை காணாது" என்று வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போகிறவர் அந்தக் கசப்பின் விளிம்பை நோக்கித்தான் நடக்கிறார். ஆவியின் சேர்மானம் கெடத் தொடங்கும் இடத்தை நாக்கு சரியாகக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி நெஞ்சைப் பணயம் வைக்க முடியாது.

பையில் கிடக்கும் உருளை

அந்த லாச்சியில் கிடந்தவை 18650 என்ற இனம். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். தலையில் இருக்கும் சின்னப் பொத்தான் நேர்முனை; மீதித் தகரம் முழுவதும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை கிழிந்த பற்றரி மோட்டார் சைக்கிள் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பைக்குள் கிடந்தால், சாவி இரண்டு முனையையும் தொட ஒரு கணம் போதும். உள்ளே சூடு சூட்டை வளர்த்து, தீப்பற்றும் வாயுவோடு பற்றரி பீறிடும்.

லெப்டொப்புக்குள் அந்தப் பற்றரி செய்தது மெதுவான வேலை. 50 வாட் வேப் கருவி ஒற்றைப் பற்றரியிடம் 13 அம்பியருக்கு மேல் கேட்கும். அதற்கென்று செய்யப்படாத, வயதான பற்றரி அதைத் தாங்காது. புதிது வாங்கினாலும் நிம்மதியில்லை. 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்த 18650 பற்றரிகள் சந்தையில் கிடக்கின்றன. இந்த அளவுப் பற்றரி நல்ல தொழிற்சாலையில் செய்தாலும் 3500, 3600 ஐச் சுற்றித்தான் நிற்கும். உறையிலேயே பொய் எழுதியவர் உள்ளே என்ன வைத்திருப்பார்?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அங்கே செய்தியான வேப் தீவிபத்துகளையும் வெடிப்புகளையும் எண்ணியது. 195 சம்பவங்கள், 133 பேருக்குக் காயம். கருவியோ மேலதிகப் பற்றரியோ சட்டை, காற்சட்டைப் பையில் இருந்தபோதே வெடித்தவை அவற்றில் அறுபதளவு. 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் டெக்சாஸிலும் கருவி வெடித்துத் தலா ஒருவர் உயிரிழந்தார். குழாய் வடிவக் கருவியின் பலவீனமான இடம் அதன் முனை. வெடித்தால் முனை கழன்று வாணம்போலப் பாயும். வாயில் வைத்திருக்கும்போது அது எங்கே பாயும் என்று எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் கரையில் பற்றரிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, வெயிற்சூடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சீற்றுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். பலர் கருவியை ஒளித்துவைப்பது அங்கேதான், வாப்பாவின் கண்ணில் படாமல்.

போத்தலில் என்ன இருக்கிறது

2019 இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் மூச்சுத் திணறி வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பெப்ரவரி வரைக்கும் 2,807 பேர். அவர்களில் 68 பேர் மரணம். பெரும்பாலானோர் இழுத்தது கஞ்சாச் சத்துக் கலந்த எண்ணெய். அதைத் தடிப்பாக்கச் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற்றின்மேல்தான் பலத்த சந்தேகம் விழுந்தது. இங்குள்ளவர்கள் பிடிப்பது அதுவல்ல என்று சொல்லலாம். ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் எது இருக்கிறது, எது இல்லை என்று யார் சொல்வது?

சிகரெட்டை விட முடியாத வளர்ந்தவர்கள் இதற்கு மாறலாம் என்று பிரித்தானியா சொல்வது உண்மை. அங்கே நிகோட்டினுக்கு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்ற உச்சவரம்பும், விற்குமுன் பதிவு செய்யும் கட்டாயமும் உண்டு. அப்படியிருந்தும், ஒருமுறை பாவித்து வீசும் வேப்புகளை 2025 ஜூன் முதலாம் திகதி தடை செய்தார்கள். இலங்கையில் புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரெட்டுகள் 2016 இல் தடைசெய்யப்பட்டன. கள்ளமாக வருகிற பொருளுக்குத் தரச் சான்றும் இல்லை, முறையிட இடமும் இல்லை. ஆகவே தம்பி, நல்ல பற்றரியைத் தேர்ந்து சொல்லுங்கள் என்றால் என்னிடம் அப்படியொன்று இல்லை. சிகரெட்டே பிடிக்காத ஒருவர் நிகோட்டினைப் பழகுவதற்கு எந்த வோல்ட்டும் நல்லதல்ல. நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பை காலியாகுமுன் கை பையைத் தேடுகிறதென்றால், அதைத் தேடவைப்பது நிகோட்டின்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால்

திரவப் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டவே கூடாது. பழவாசனைக்குக் குடித்துவிட்டால் வாந்தி, வியர்வை, வலிப்பு வரலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். பற்றரி வெடித்துச் சுட்டால் தோலில் ஒட்டாத உடுப்பைக் கழற்றி, ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். பற்பசையும் எண்ணெயும் பூசக் கூடாது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை ஆதார வைத்தியசாலைக்கோ போனால், பற்றரி வெடித்தது என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணத் தீக்காயத்தோடு இரசாயனக் காயமும் சேர்ந்திருக்கலாம் என்று வைத்தியர் பார்ப்பார்.

கிழிந்த பற்றரியைக் குப்பையோடு போட்டு எரித்துவிடுவது எங்கள் வளவுகளில் நடக்கிற காரியம். நெருப்புக்குள் அதுவும் வெடிக்கும். அன்று கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கறுப்பு ரேப்பை எடுத்தார். நீல உறை கிழிந்த பற்றரியின் இரண்டு முனையையும் சுற்றி ஒட்டி, காய்ந்த மணல் போட்ட பால்மாத் தகரப்பேணிக்குள் இறக்கினார். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கருவியைத் திருகித் திறந்து, உள்ளிருந்ததையும் எடுத்து மேசையில் வைத்தார்.