வீசும் கையின் கதை

மாணவ நண்பர்களே, இராமேசுவரம் போனால் கோவிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கரையோர நீரில் நின்று வீச்சு வலை எறிபவர் யாராவது கண்ணில் பட்டால் சற்று நேரம் நின்று பாருங்கள். அவர் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். முதலில் பாதம் மணலில் அழுந்துகிறது. பிறகு இடுப்பு திரும்புகிறது. அதன்பின் மார்பு, அதன்பின் தோள். கை வருவது கடைசியில்தான். அடுத்த நொடி வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது.

பந்து எறிவதும் இதே வித்தைதான். வேகம் காலில் பிறக்கிறது. கனமான இடுப்பு அதை மார்புக்குத் தருகிறது. மார்பு தோளுக்கு, தோள் கைக்கு. ஒவ்வொரு படியிலும் பொருள் இலேசாகிறது, வேகம் கூடுகிறது. சாட்டையின் பிடி மெதுவாக அசைய நுனி மட்டும் 'படீர்' என்று வெடிப்பது இதனால்தான். நம்பிக்கை இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு ரப்பர் பந்தை எறியுங்கள். பிறகு எழுந்து நின்று எறியுங்கள். இரண்டு தூரத்தையும் அடியளந்து பாருங்கள்.

இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் 'பிட்சர்'கள். 145 கிராம் அளவுள்ள பந்தை 18.44 மீட்டர் தொலைவுக்கு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறார்கள். மட்டைக்காரருக்குக் கிடைப்பது அரை விநாடிகூட இல்லை. எறியும் கணத்தில் மேற்கை தோள்பூட்டில் சுழலும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7000 பாகை. அதாவது, அதே வேகத்தில் தொடர்ந்து சுழன்றால் விநாடிக்கு 19 சுற்று! உங்கள் வீட்டு மின்விசிறி விநாடிக்கு ஆறு சுற்றுச் சுற்றினால் அதிகம்.

இவ்வளவுக்கும் விலை கொடுப்பது முழங்கை. அதன் உட்புறத்தில் எலும்போடு எலும்பைக் கட்டும் சிறிய பிணைப்பு நார் ஒன்று உண்டு. ஒவ்வொரு எறியிலும் முழங்கைக்கு 60 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை வருகிறது. ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஆறு கிலோ எடையைத் தொங்கவிட்டால் பிடித்திருக்கும் கை என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு. நார் தனியாக இதைத் தாங்காது. சுற்றியுள்ள தசைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை களைத்துப்போனால் பாரமெல்லாம் நாருக்கு. ஒருநாள் அது அறுகிறது.

1974இல் டாமி ஜான் என்ற இடக்கைப் பிட்சருக்கு அப்படி அறுந்தது. அந்நாளில் அதோடு ஆட்டம் முடிந்தது என்றே பொருள். ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் யாரும் செய்யாததைச் செய்தார். அவருடைய வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இட முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். சிகிச்சைக்குப் பின் மட்டும் 164 வெற்றிகள்.

அந்தத் தசைநாண் உங்களுக்கும் இருக்கலாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொடும்படி வைத்து மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் கயிறுபோல் எழும்புகிறதே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது; கவலை வேண்டாம், அது இல்லாததால் கையின் வலு குறைவதில்லை. மருத்துவர்கள் அதைத் தயங்காமல் எடுப்பதும் இதனால்தான்.

உங்கள் வயதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எலும்பு நீளும் இடங்களில் இன்னும் மிருதுவான குருத்தெலும்பு இருப்பதால், நாருக்கு முன்னால் அதுவே பழுதாகிவிடலாம். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் 13 முதல் 16 வயதுள்ளவர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் விடுமுறை நாளில் டென்னிஸ் பந்தை யார் எண்ணுகிறார்கள்? முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் நாட்டிலிருந்தும் இருவர் பேஸ்பாலுக்குப் போனார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் 2008இல் ஒரு போட்டியில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழுவில் ஒப்பந்தமானார்கள். முதல்நிலை ஆட்டங்களை அவர்கள் எட்டவில்லை. ஈட்டி எறிபவருக்கும் முழங்கைதான் எமன். 2019இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நீரஜ் சோப்ரா, 2021இல் தோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றது உங்களுக்குத் தெரிந்ததே.

கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை நிமிரக் கூடாது. அதனால் வேகப்பந்து வீச்சாளரின் உடலில் சுமை வேறிடம் தேடுகிறது. முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை வருகிறது. முதுகு வளைந்து முறுக்குகிறது. டென்னிஸ் லில்லி, ஜஸ்பிரித் பும்ரா ஆகியோரை முடக்கியது கையல்ல, முதுகு.

இனி நம் கரைக்கு எதிர்க்கரைக்காரர் ஒருவரைப் பார்ப்போம். தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். இவ்வழியாகத்தான் ஒரு காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கிச் சோதிக்கப்பட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்படித் தோட்ட வேலைக்குப் போன ஒருவரின் பேரன்தான் 1972இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன்.

அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராது. 1995 திசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டேரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஓர் இளைஞரை 'நீ திருடுகிறாய்' என்று சொல்வதற்கு இது சமம்.

உண்மையில் நடந்தது என்ன? நீங்களே ஆராயலாம். ஒரு கம்பியை நடுவில் சற்று வளையுங்கள். ஒரு முனையை விரல்களுக்கிடையே பிடித்து, டார்ச் விளக்கின் முன் மெல்ல உருட்டுங்கள். சுவரில் நிழல் ஒரு நேரம் வளைந்தும் ஒரு நேரம் நேராகவும் தெரியும். கம்பி நிமிரவே இல்லை! ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குச் சுழலும் வளைந்த கையும் இப்படித்தான். 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராக்களைப் பல பக்கங்களில் வைத்துப் படமெடுத்தார்கள். அது கண்ணை ஏமாற்றும் தோற்றம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2004இல் 'தூஸ்ரா' பந்தை அவர் வீசும்போது கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வது சோதனையில் தெரிந்தது. அன்றைய விதிக்கு அது மிக அதிகம். ஆனால் மற்றவர்களையும் அளந்தபோது, அப்பழுக்கற்றவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் கைகளும் ஓரளவு நிமிர்ந்தன. 2005 முதல் எல்லாருக்கும் 15 பாகை எல்லையானது. அவருக்காகவே விதி தளர்ந்தது என்போர் இன்றும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அளவுகோல் எல்லார் கையிலும்தானே வைக்கப்பட்டது!

அவர் வேகக்காரர் அல்லர். பேஸ்பாலில் 355 ஆட்டங்களை வென்ற கிரெக் மாடக்ஸும் வேகத்துக்குப் பெயர்போனவர் அல்லர். இருவரின் பலமும் ஒன்றே: ஒரே மாதிரி கையசைவு, வெவ்வேறு பந்து, நினைத்த இடத்தில் விழும் துல்லியம். முரளிக்கு மணிக்கட்டு அசாதாரணமாக வளையும். பந்தில் அத்தனை சுழற்சி வந்தது அதனால்தான். ஓயாத உழைப்பில் தோள் பழுதாகி 2004இல் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார்.

2010 சூலையில் காலி மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட்டைத் தொடங்கியபோது 800 விக்கெட்டுக்கு எட்டு குறைவு. இந்தியாவின் கடைசி விக்கெட் மட்டும் மிஞ்சிய வேளையில் அவர் கணக்கு 799. அப்போது பிரக்யான் ஓஜா தட்டிய பந்து மகேல ஜயவர்தனவின் கைகளில் போய் விழுந்தது.