மூச்சு இரையும் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்

பகலில் குப்பையைக் கிளறித் திரியும் கோழியின் மூச்சுச் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. பஞ்சாரத்தில் கவிழ்த்து, ஊர் அடங்கிய பிறகுதான் ‘கொர்... கொர்...’ என்று கேட்கும். வளர்ப்பவர்கள் பலர் அதைச் சளி என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். சிலர் சாவதற்குள் காசாக்கிவிட நினைத்துச் சந்தைக்குத் தூக்கிப்போகிறார்கள். இரண்டும் ஆபத்து.

சத்தம் ஒன்று, காரணம் பல. கோழியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் சில தடயங்கள் கிடைக்கும். கண்ணோரத்தில் நுரை தங்கி, வாரக்கணக்கில் கொர்கொர்ப்பு நீடித்தால் மைக்கோபிளாஸ்மா கிருமியாக இருக்கலாம். முகம் வீங்கி, நாற்றமடிக்கும் சளி வடிந்தால் கொரைசா என்னும் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அலகைத் திறந்ததும் தொண்டையில் மஞ்சள் படலம் தெரிந்தால், அம்மை உள்ளேயும் போட்டிருக்கக்கூடும். கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து பிளந்து மூச்சுவிடும் குஞ்சின் மூச்சுக்குழாயில் சிவப்புப் புழு ஒட்டியிருக்கலாம். மண்புழு, நத்தையைத் தின்னும்போது அது உள்ளே போகிறது. பூசணம் பிடித்த தீவனமும் எச்ச நெடி தேங்கிய கூண்டும்கூட மூச்சைக் கெடுக்கும்.

சித்திரை வெயிலில் இறக்கையை விரித்து இளைக்கும் கோழிக்கு நிழலும் தண்ணீரும் கொடுத்தாலே தெளிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட். மூச்சிரைப்போடு பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், சில நாளில் தெருவே காலியாகும். வைரஸ் நோய் என்பதால் எந்த மாத்திரையும் அதைக் குணப்படுத்தாது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி என்று தடுப்பு மருந்து கொடுத்துவிடுவதுதான் வழி. கால்நடைத் துறை இதற்கென்று கிராமங்களில் இலவச முகாம்கள் நடத்துகிறது.

2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் ராணிக்கெட், மைக்கோபிளாஸ்மா, பறவைக் காய்ச்சல் மூன்றுமே இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை. நோயுற்றது என்று தெரிந்தே சந்தைக்குக் கொண்டுபோவது குற்றம். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது கோழிகள் கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டன. அப்படி அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு பெற வளர்ப்பவருக்கு உரிமை உண்டு. நோயை மறைத்தால் இழப்பு நம் தலையிலேயே விழும், அக்கம்பக்கத்துக் கோழிகளும் பலியாகும்.

மருத்துவரைக் கேட்காமல் நாமாக வாங்கிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் முட்டை வழியே வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வருகிறது. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பலனற்றுப் போய்விடக் கூடாது என்றுதான் அதைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. மருத்துவர் எழுதிய மருந்தானாலும், எத்தனை நாள் முட்டையும் கறியும் தின்னக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டவுடன் அந்தக் கோழியைத் தனியே அடைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிரித்துவையுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கால்நடை அவசர உதவிக்கான இலவச எண் 1962.