உறைபனி உயிர்கள் – 9: குளிருக்கு முன்பே தைத்த சட்டை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கேன்டர்பரி வட்டாரத்தில் வைப்பாரா என்றோர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரைப் பாறைகளில் கிடைத்த சில எலும்புகளுக்கு 2006-ஆம் ஆண்டு ‘வைமானு’ என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அவற்றின் வயது சுமார் 6 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்த பேரழிவு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. பூமி அந்த அடியிலிருந்து மீண்டு கொண்டிருந்த நாளிலேயே வைமானு வானத்தை விட்டுக் கடலில் இறங்கிவிட்டது. பறக்க மறந்து, இறக்கையால் நீரைத் தள்ளி நீந்திய இந்தப் பறவை, இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பெங்குவின்களில் ஒன்று.

அன்று தென் துருவத்தில் பனி மூடிய கண்டம் கிடையாது. அண்டார்டிகாவில் காடுகள் வளர்ந்து நின்றன. அந்தக் கண்டத்தைப் பெரும் பனிப்பாளம் மூடத் தொடங்கியது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பெங்குவின் பிறந்து 2.5 கோடி ஆண்டுகள் கழித்தே அதன் வாழ்வில் பனி நுழைகிறது.

அப்படியானால், மைனஸ் 40 டிகிரியில் நின்று முட்டையை அடைகாக்கும் வலிமை இந்தப் பறவைக்கு எங்கிருந்து வந்தது?

எலும்பில் பதிந்த பள்ளம்

முதல் தடயம் தோள்பட்டையை ஒட்டிய இறக்கை எலும்பில் இருந்தது. இன்றைய பெங்குவின்களின் இறக்கைக்குள் போகும் தமனி ஒற்றைக் குழாயாகப் போவதில்லை. பல கிளைகளாகப் பிரிந்து, திரும்பிவரும் சிரைகளை ஒட்டியே ஓடுகிறது. உடலிலிருந்து புறப்படும் சூடான இரத்தம், இறக்கையில் குளிர்ந்து திரும்பும் இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இதனால் வெப்பம் கடலுக்குப் போகாமல் உடலுக்கே திரும்புகிறது. இந்தத் தமனிப் பின்னல் எலும்பின் மீது மெல்லிய பள்ளங்களைப் பதித்துவிட்டுப் போகும்.

டேனியல் தாமஸ், டேனியல் கெப்கா, யூவன் ஃபோர்டைஸ் ஆகிய மூவரும் பழைய பெங்குவின் புதைபடிவங்களில் அந்தப் பள்ளங்களைத் தேடினார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது. குறைந்தது 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பின்னல் உருவாகியிருந்தது. பூமி மிகவும் வெப்பமாக இருந்த காலம் அது. வெதுவெதுப்பான உலகில் வாழ்ந்த பறவைக்கு வெப்பத்தைச் சேமிக்கும் கருவி எதற்கு?

நீருக்காக. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 20 டிகிரி காற்றில் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். அதே வெப்பநிலையுள்ள நீரில் மணிக்கணக்காக மிதந்தால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். இரை தேடி நெடுந்தூரம் நீந்திய பழம்பெங்குவினுக்குக் கடலே முதல் குளிர்காலம். பனி வந்தபோது, கடலுக்காகத் தைத்த சட்டை ஏற்கெனவே அதன் உடம்பில் இருந்தது.

உடல் பருமனும் அந்தக் காலத்திலேயே கைகூடிவிட்டது. நியூசிலாந்தில் கிடைத்து 2023-இல் விவரிக்கப்பட்ட ‘குமிமானு ஃபோர்டைசி’ என்ற பெங்குவின் சுமார் 150 கிலோ எடை இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். இன்றைய மிகப் பெரிய இனமான எம்பெரர் பெங்குவின் 45 கிலோவைத் தாண்டுவதே அரிது. உடல் பெரிதாகப் பெரிதாக, எடையோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு குறைகிறது. வெப்ப இழப்பும் குறைகிறது.

முட்டையிலிருந்து மரபணுவுக்கு

பெங்குவினின் பூர்வீகத்தைத் தேடி உயிரையே பணயம் வைத்தவர்கள் உண்டு. 1911-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், துருவத்தின் முழு இருளில், தென் துருவப் பயணம் மேற்கொண்ட ஸ்காட் குழுவைச் சேர்ந்த எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் ஆகிய மூவர் கேப் க்ரோசியருக்குச் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எம்பெரர் பெங்குவின் முட்டைக்குள் வளரும் கருவைப் பார்த்தால், ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பு புலப்படும் என்று அன்றைய விஞ்ஞானம் நம்பியது. வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரை இறங்கிய அந்த ஐந்து வாரப் பயணத்தில் ஐந்து முட்டைகளை எடுத்தார்கள்; மூன்றுதான் மிஞ்சின. வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டு ஸ்காட்டோடு தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார்கள். லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த முட்டைகளைப் பற்றி 1934-இல் வந்த அறிக்கை, அவற்றால் பெரிய பயன் இல்லை என்று சொல்லிவிட்டது. கருவின் வளர்ச்சி பரிணாம வரலாற்றைத் திரும்ப நடித்துக் காட்டும் என்ற கருத்தே அதற்குள் கைவிடப்பட்டிருந்தது.

அந்த மூவர் தேடிய வரலாறு வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. 2014-இல் குவோஜி சாங், டேவிட் லாம்பெர்ட் உள்ளிட்ட பெரிய குழுவொன்று எம்பெரர், அடேலி ஆகிய இரு இனங்களின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டது. 2022-இல் தெரசா கோல் தலைமையிலான ஆய்வு, வாழும் இனங்களோடு அண்மையில் அழிந்தவற்றையும் சேர்த்து 27 மரபணுத்தொகுதிகளைப் புதைபடிவங்களோடு ஒப்பிட்டது. எந்தெந்த மரபணுவில் இயற்கைத் தேர்வின் கை பட்டிருக்கிறது என்று இப்போது எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறது.

இறகு, தோல், துடுப்பு

பறவை இறகின் பெரும்பகுதி பீட்டா கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதை உருவாக்கும் மரபணுக்களில் சில வகைகள் பெங்குவின்களிடம் மற்ற பறவைகளைவிடப் பெருகியிருப்பதை 2014 ஆய்வு காட்டியது. ஒரு மரபணு இரட்டித்து, அந்தப் பிரதி மெல்ல மெல்ல வேறு வேலைக்குப் பழகுவது பரிணாமத்தின் பழைய வழி. குட்டையான, விறைப்பான, ஒன்றின் மேலொன்று படிந்து நீரை உள்ளே விடாத இறகுகள் இந்தப் பெருக்கத்தோடு தொடர்புடையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எம்பெரர் பெங்குவினின் இறகுகளை 2015-இல் எண்ணிப் பார்த்தபோது இன்னொரு செய்தியும் தெரிந்தது. வெளியே தெரியும் இறகுகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒன்பதுதான். அதற்குக் கீழே, தோலோடு ஒட்டி, அவற்றைப் போல நான்கு மடங்கு எண்ணிக்கையில் பஞ்சு போன்ற சிற்றிறகுகள் மறைந்திருக்கின்றன. காற்றைச் சிறைப்பிடித்து வைப்பது அவைதான். இந்தக் காப்பு எவ்வளவு வலியது என்றால், தெளிந்த வானத்தின் கீழ் எம்பெரர் பெங்குவினின் வெளி இறகு சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. வெப்பப் படக்கருவியில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே உடல் 38 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடு வெளியே கசிவதே இல்லை எனலாம்.

தோலுக்கும் தனி மரபணு உண்டு. டி.எஸ்.ஜி.1 என்ற மரபணு தோல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் புரதத்தைத் தருகிறது. மனிதரில் இது பழுதானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும் நோய் வருகிறது. பெங்குவினில் இதே மரபணுவில் தேர்வின் தடம் தெரிகிறது. இறக்கையிலும் இப்படித்தான். ஈ.வி.சி.2 மரபணுவில் கோளாறு நேர்ந்தால் மனிதரின் கைகால்கள் குட்டையாகின்றன. பெங்குவினில் அது மாறியிருப்பது இறக்கை குறுகித் துடுப்பானதோடு பொருந்திப் போகிறது. மனிதருக்கு நோயாக வருவது எந்த மரபணுவில் என்று மருத்துவம் கண்டறிந்து வைத்திருந்ததால்தான், பறவையில் அந்த மாற்றத்தின் பொருளை ஊகிக்க முடிந்தது.

கொழுப்பு விஷயத்தில் எம்பெரர், அடேலி ஆகிய இரு இனங்களும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. எம்பெரர் ஆண், துணையைத் தேடும் நாள் முதல் குஞ்சு பொரியும் வரை சுமார் 115 நாள் பட்டினி கிடந்து, உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழக்கிறது. அடேலி பெங்குவின் கோடையில் இனப்பெருக்கம் செய்வதால் அதன் விரதம் இவ்வளவு நீளாது. இரண்டிலும் கொழுப்பைக் கையாளும் மரபணுக்கள் மாறியிருக்கின்றன. ஆனால் மாறிய மரபணுக்கள் பெரும்பாலும் வேறு வேறு.

இரத்தத்தில் நடந்த திருத்தம்

சென்ற வாரம் பார்த்த பனிமீன், குளிர்நீரில் கரைந்திருக்கும் ஏராளமான ஆக்சிஜனை நம்பி ஹீமோகுளோபினையே துறந்துவிட்டது. பெங்குவினால் அது முடியாது. நீருக்கு மேல் ஒரே மூச்சு எடுத்து, அதை வைத்தே ஆழத்தில் வேட்டையாட வேண்டும். எம்பெரர் அரை கிலோமீட்டருக்கும் கீழே மூழ்கியது பதிவாகியிருக்கிறது. 32 நிமிடம் மேலே வராமல் இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆன்டனி சிக்னோர், ஜே ஸ்டோர்ஸ் குழுவினர் அழகான ஒரு வேலை செய்தார்கள். வாழும் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பெங்குவின் மூதாதையின் ஹீமோகுளோபின் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கினார்கள். பெங்குவின் கிளை அதன் உறவுகளிலிருந்து பிரிவதற்கு முந்தைய வடிவத்தையும் அதேபோல் செய்து ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான முடிவு: பெங்குவினின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, எனவே நுரையீரலில் மிச்சமிருக்கும் கடைசி ஆக்சிஜனையும் வாரிக்கொள்கிறது. கூடவே, களைத்துப்போன தசையில் அமிலம் கூடும்போது அந்தப் பிடியைச் சட்டென்று தளர்த்தவும் செய்கிறது. இந்த இரு திருத்தங்களும், பெங்குவின் கிளை தன் நெருங்கிய உறவுகளான ஆல்பட்ராஸ், பெட்ரல் பறவைகளிடமிருந்து பிரிந்து கடலோடு ஒன்றிய காலத்தில் நடந்தவை.

கைவிட்டவை

பெற்றவற்றைப் போலவே இழந்தவையும் வரலாறு சொல்கின்றன. இனிப்பை உணரும் மரபணு எந்தப் பறவைக்கும் இல்லை. பெங்குவின்கள் அதோடு நிற்காமல் கசப்பையும், இறைச்சிக்கும் மீனுக்கும் உரிய உமாமி சுவையையும் இழந்துவிட்டன என்று ஹுவாபின் சாவோ, ஜியான்சி சாங் குழுவினர் 2015-இல் காட்டினார்கள். மிஞ்சியவை புளிப்பும் உப்பும். மீனைத் தின்றே வாழும் பறவைக்கு மீனின் சுவை தெரியாது. சுவைச் செய்தியைக் கடத்தும் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதம் குளிரில் சரியாக வேலை செய்யாது. பயன்படாத மரபணுக்களைக் காக்க இயற்கைத் தேர்வுக்குக் காரணமில்லாததால் அவை சிதைந்திருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். பார்வையிலும் இழப்பு உண்டு. பச்சை ஒளிக்கான கூம்பு நிறமியின் மரபணுவும், சிவப்பைத் துலக்கிக் காட்டும் நிறமியை உருவாக்கும் சி.ஒய்.பி.2ஜே19 மரபணுவும் பெங்குவின்களில் செயலிழந்துவிட்டன. நீல ஒளி மட்டுமே எட்டும் ஆழத்தில் அவற்றால் பயனில்லை.

எம்பெரரின் தனிப்பாதை

இவற்றில் பெரும்பகுதி பெங்குவின் குலத்தின் பொதுச் சொத்து. கடும்பனிக்காலத்தில் அடைகாக்கும் துணிச்சல் எம்பெரருக்கு மட்டும் எப்படி வந்தது? விடை தேட அதன் உடன்பிறப்பான கிங் பெங்குவினோடு ஒப்பிட வேண்டும். கிங் பெங்குவின் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள, அவ்வளவாக உறையாத தீவுகளில் வாழ்கிறது. 2022-இல் ஓர் ஆய்வு இரண்டிலும் 7,651 மரபணுக்களைச் சோதித்தது. தேர்வின் தடம் எம்பெரரில்தான் பரவலாகக் கிடைத்தது. ஆகவே கடுங்குளிர் வாழ்வு எம்பெரர் கிளை பின்னாளில் பெற்றது என்ற கருத்து வலுப்பெற்றது.

அப்படி மாறியவற்றுள் ஒன்று டி.ஆர்.பி.எம்.8. நரம்பில் குளிரை உணரும் புரதம் இது. மென்தால் மிட்டாயைச் சப்பினால் வாயில் குளிர்ச்சி தெரிவது இதனால்தான். கம்பளி யானை முதலான குளிர்நில விலங்குகளில் முன்பே அடையாளம் காணப்பட்ட நான்கு மரபணுக்கள் எம்பெரரிலும் மாறியிருந்தன. இது அவற்றில் ஒன்று. பாலூட்டியும் பறவையும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. பனி இரண்டையும் ஒரே மரபணுவில் தொட்டிருக்கிறது.

மெதுவாக நடக்கும் மாற்றம்

2022-இல் வந்த கோல் குழுவின் ஆய்வில் கவலை தரும் ஒரு முடிவு இருக்கிறது. பெங்குவின்களும் அவற்றின் உறவான ஆல்பட்ராஸ் குலமும், இதுவரை அளக்கப்பட்ட பறவைகளிலேயே மிக மெதுவாகப் பரிணமிப்பவை. அறியப்பட்ட பெங்குவின் இனங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி புதைபடிவங்களாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எம்பெரருக்குப் பனி மிகுந்தாலும் துன்பம், குறைந்தாலும் துன்பம். கடந்த பனியுகத்தின் உச்சத்தில் அதன் எண்ணிக்கை இன்றிருப்பதில் ஏழில் ஒரு பங்காக இருந்திருக்கலாம் என்று மரபணுச் சான்றுகள் காட்டுகின்றன. பனி மிகப் பரந்து கிடந்ததால், இரை தேடத் திறந்த கடலை எட்ட முடிந்த சில இடங்களில் மட்டுமே அவை தாக்குப்பிடித்தன. இன்று நிலைமை தலைகீழ். 2022-இன் இறுதியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில், செயற்கைக்கோள் படங்களில் கண்காணிக்கப்பட்ட ஐந்து குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர்புகா இறகு முளைப்பதற்கு முன்பே கடற்பனி உடைந்தது. அந்தக் குடியிருப்புகளில் ஒரு குஞ்சும் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2023-இல் அறிவித்தார்கள்.

பீட்டா கெரட்டின் மரபணுக்கள் பல கோடி ஆண்டுகள் செலவிட்டு உருவாக்கிய இறகு வளர்ந்து முடிய, அந்தக் குஞ்சுகளுக்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்பட்டன. பனி நிற்கும் நாள்கள் பத்தாண்டுக் கணக்கில் சுருங்குகின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மாற்றம் எதுவும் எம்பெரரின் மரபணுத்தொகுதியில் இதுவரை காணப்படவில்லை. கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைத்துக் கடற்பனியைக் காப்பது மட்டுமே அதற்குச் செய்யக்கூடிய உதவி.

அடுத்த வாரம்: ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூச்சை அடக்கிக்கொண்டு கடற்பனிக்கு அடியில் வேட்டையாடும் வெடல் சீல்.