பெண் எலிக்கும் இடம் வேணுமுங்க!



காங்கேயம் மாடு எல்லாரும் பார்த்திருப்பீங்க. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். வளர்ந்த பூச்சிக்காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். பசு வெளுப்பாக இருக்கும். காயடித்த எருதுக்கும் அந்தக் கருப்பு குறைஞ்சிரும். காரணம், டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன்.

இந்த ஹார்மோன் மரபணுக்களை எப்படி வேலை வாங்குகிறது என்பதைச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தெளிவாகப் பார்க்கலாம். நரம்பு வளரவும் தோல் வளரவும் தூண்டும் இரண்டு புரதங்கள் அங்கே உண்டாகின்றன. ஆண் எலியில் அவை பல மடங்கு அதிகம். ஆனால் பெண் எலிக்கு டெஸ்டோஸ்டிரான் கொடுத்தால் அதற்கும் கூடிவிடுகிறது! அப்படீன்னா அந்த மரபணு பெண்ணிடமும் இருக்குது. ஹார்மோன்தான் அதை அதிகமாக வேலை செய்ய வைக்குது.

இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாரும் ஸ்டான்லி கோகனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேக்கிறீங்களா? பல ஆய்வுகளில் நீண்ட காலம் ஆண் எலிகளையே அதிகம் பயன்படுத்தினார்கள். ஆணுக்குப் பார்த்த அளவு பெண்ணுக்குச் சரியாக வருமா? சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்கள் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. அதனால் 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கு அதன் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த மருந்து கடைக்கு வந்து இருபது வருஷம் கழிச்சு!

சோதனைக் கூண்டில் பெண் எலியும் இருக்கட்டும். அது நம்ம அம்மாக்கள் சாப்பிடும் மாத்திரைக்காகத்தான்.

- 9-ஆம் வகுப்பு மாணவி