விருந்தினரை ஏற்றும் மீன்பிடிப் படகுகள்

கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பே ஆகிய இடங்களை உல்லாசப் பயணிகள் நாடி வரும் காலமும் அதுவே. அவர்களுள் சிலர் கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு திருப்தியடைவதில்லை. தூண்டிலைத் தொட்டறியாத அவர்கள், சில மணி நேரம் படகிற் சென்று ஒரு மீனையேனும் தம் கையாற் பிடித்துவிட விரும்புகின்றனர். இவர்களை அழைத்துச் செல்வது சிறு படகுகளை வைத்திருக்கும் நமது கடற்றொழிலாளருக்கு ஒரு மேலதிக வருமான வழியாகும்.

இவ்வருமானத்தை அற்பமாகக் கருதிவிட முடியாது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது சிறு படகுத் தொழில் ஆட்டங்கண்டதை நாம் மறந்துவிடவில்லை. வலையில் மீன் பட்டாலும் படாவிட்டாலும் எரிபொருட் செலவு ஒன்றே. பயணிகளிடம் பெறும் கட்டணமோ படகு புறப்படும் முன்னரே நிச்சயமாகிவிடுகின்றது.

ஆயினும் இது மீன்பிடித் தொழிலின் வெறும் நீட்சியன்று. வேறொரு தொழில் என்பதை முதலில் உணர வேண்டும். தொழிலாளி எடை மிகுந்த மீனைத் தேடுகின்றார். புதியவரோ தூண்டில் அடிக்கடி இழுபட வேண்டுமென்று எதிர்பார்க்கின்றார். பாரையையும் அறக்குளாவையும் தேடி நெடுந்தூரம் ஓடுவதைவிட, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் பாறைப் பாரின் ஓரத்தில் கைத்தூண்டில் இறக்குவதே இவர்களுக்குப் பொருத்தமானது. நங்கூரமிட்ட படகு அதிகமாக உருள்வதால் தலைச்சுற்றும் வாந்தியும் ஏற்படுவதுண்டு. அவ்வேளையில் படகை மெதுவாக ஓட்டி, செயற்கை இரையைப் பின்னால் இழுத்துச் செல்வது நல்லது. இரண்டு மூன்று மணி நேரப் பயணமும் மூன்று நான்கு பயணிகளும் போதும். அதற்கு மேற்பட்டால் தூண்டில் முட்களே ஆபத்தாகிவிடும்.

இதனினும் பெரிய ஆபத்து அமைதியான கடலிலேயே மறைந்திருக்கின்றது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. ஆதலாற்றான் கரையோரத்தில் அலை குறைவு. ஆனால், இயந்திரம் நின்றுபோன படகை அதே காற்று கரைக்குக் கொண்டுவராது. ஆழ்கடலுக்கே தள்ளிச் செல்லும். எனவே துடுப்பு, போதிய கயிற்றுடன் நங்கூரம், நீர் புகாத உறையில் தொலைபேசி, திரும்பும் நேரத்தை அறிந்த ஒருவர் கரையில் என்பன இன்றிப் படகைத் தள்ளலாகாது. உயிர்காப்பு அங்கி படகின் மூலையிற் கிடப்பதற்கன்று. கரையிலேயே அணியப்பட வேண்டியது. 2021 நவம்பரில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானமை, பாதுகாப்பற்ற பயணத்தின் விலை என்னவென்பதை நமக்குக் காட்டியுள்ளது.

சட்டமும் கவனத்திற்குரியது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவுசெய்யப்பட வேண்டும். எனினும், மீன்பிடிப் படகாகப் பதியப்பட்டிருப்பது ஒன்று. பயணிகளை ஏற்றத் தகுதி பெற்றிருப்பது மற்றொன்று. காப்புறுதி பயணிகளையும் உள்ளடக்குகின்றதா என்பதை உரிமையாளர் முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே தூண்டில் போடுவதற்கு இடமில்லை. சிறு குஞ்சு மீன்களை ஈரக் கையாற் பிடித்துக் கடலிலேயே விட்டுவிடும் வழக்கத்தைப் பயணிகளுக்குக் கற்பிப்பதும் அவசியம். நாளைய பயணத்துக்கான மூலதனம் அம்மீன்களே.

இறுதியாக, இலாபம் யாரைச் சேர்கின்றது என்ற வினா எழுகின்றது. பயணியைத் தேடிக் கொடுக்கும் தரகர் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், எஞ்சுவதை ஈடுசெய்யப் படகோட்டி கூடுதலான ஆட்களை ஏற்ற முனைவார். விபத்துக்கு வழி அங்கேதான் திறக்கின்றது. கடற்றொழிலாளர் சங்கங்கள் தாமே கட்டணத்தையும் ஆட்தொகையையும் நிர்ணயித்து, படகுகளுக்கு முறை வைத்து அனுப்புமாயின் இப்போட்டி தணியும். ஒரே துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் தமிழரும் முஸ்லிம்களும் இணைந்து செய்யக்கூடிய காரியம் இது. விபத்தொன்று நேர்ந்த பின்னர் விதிகளை வகுப்பதைவிட, அடுத்த கச்சானுக்கு முன்னர் வகுத்துக்கொள்வதே விவேகமாகும்.