தண்ணிக்கு பாசிட்டிவ்!

வெறும் தண்ணிக்கு கொரோனா வருமா? ‘லூஸாப்பா நீ?’ன்னு முறைக்காதீங்க பாஸ். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் பல லேப்களில் டெஸ்ட் ரிசல்ட் அப்படித்தான் வந்தது!

அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மாகாண லேப்களுக்கு கொரோனா டெஸ்ட் கிட்களை அனுப்பியிருந்தது. பி.சி.ஆர். டெஸ்ட் செய்யும்போது ஒரு டியூபில் மட்டும் சாம்பிளே போடாமல், சுத்தமான தண்ணீரை விட்டு ஓட்டுவார்கள். பெயர், நெகட்டிவ் கன்ட்ரோல். அதில் எதுவும் தெரியக்கூடாது. ஆனால், தெரிந்தது!

காரணம்? கிட்டில் இருந்த ஒரு கரைசலில், செயற்கையாகத் தயாரித்த வைரஸ் மரபணுத் துண்டு கலந்திருந்தது. இன்னொன்றில் டிசைனிலேயே கோளாறு. விளைவு, நோய் பரவ ஆரம்பித்த முக்கியமான வாரங்களில் பெரும்பாலான மாகாண லேப்கள் டெஸ்ட் செய்ய முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. பிப்ரவரி கடைசியில்தான் வழி பிறந்தது.

ஒரு துளிக்கா இவ்ளோ ஆட்டம்?

ஆமாம்! 1983-ல் கேரி முல்லிஸ் யோசித்த பி.சி.ஆர்., சூப்பர் ஜெராக்ஸ் மெஷின் மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகும். ஒரே ஒரு துண்டு, கணக்குப்படி 30 சுற்றில் 107 கோடி! இதற்காக 1993-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், நாம கூப்பிட்ட விருந்தாளி யாரு, கூப்பிடாம வந்தது யாருன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது. பிரைமருக்குப் பொருந்தினால் போதும், காப்பி எடுத்துத் தள்ளிவிடும்.

பெரிய வில்லன் வெளியில் இல்லை. நேத்து நாம ஓட்டி முடிச்ச டியூப்தான்! அதைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் பறந்து பிப்பெட், கிளவுஸ், பஃபர் பாட்டில் என்று உட்கார்ந்துவிடும்.

‘அதான் ஆட்டோகிளேவ் பண்ணியாச்சே’ன்னு அசால்ட்டா இருக்காதீங்க. 121 டிகிரியில் பாக்டீரியா சாகும். ஆனால், டி.என்.ஏ.வின் குட்டித் துண்டுகள் தப்பிக்கலாம். ஸ்பிரிட் போட்டு மேஜையைத் துடைத்தாலும் அதே கதைதான். டி.என்.ஏ.வைச் சிதைக்க பிளீச்சிங் கரைசல் வேணும்.

லேப்ல இதெல்லாம் மஸ்ட்!

* புது கரைசல் வந்ததும் சின்னச் சின்ன டியூப்களில் பிரித்து வையுங்கள். ஒன்று கெட்டாலும் மொத்தமும் போகாது.

* ஃபில்டர் வைத்த டிப் மட்டுமே. ஒரு தடவை தொட்ட டிப், நேரா குப்பைக்கு.

* கலவை தயாரிக்க ஓர் இடம், முடிந்த டியூப்பைத் திறக்க வேறு இடம். பிப்பெட், கோட், கிளவுஸ் எல்லாமே தனித்தனி. அங்கிருந்து எதுவும் இங்கே திரும்பி வரக்கூடாது.

* சாம்பிளைக் கடைசியில் சேருங்கள். பாசிட்டிவ் கன்ட்ரோலை அதற்கும் பிறகு.

எல்லாத்துக்கும் மேல, அந்தத் தண்ணி டியூப்! ‘சாம்பிள் அதிகம், இடம் இல்ல’ன்னு முதல்ல கழற்றிவிடப்படுவது அதுதான். ரிசல்ட் சூப்பரா வந்துட்டா, தண்ணி லேனில் தெரியுற பேண்டைக் கண்டுக்காம விடவும் கை துறுதுறுங்கும். விடாதீங்க! தண்ணி ‘பாசிட்டிவ்’னா மத்த டியூப் எதையும் நம்ப முடியாது. பிரித்து வைத்ததில் புதுசை எடுத்து மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

அமெரிக்காவிலும் கோளாறைப் போட்டுக் கொடுத்தது அதே தண்ணிதான். மாகாண லேப்கள் அந்த டியூப்பை ஓட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால், நோயே இல்லாதவங்க எத்தனை பேர் கையில் ‘பாசிட்டிவ்’ ரிப்போர்ட் போயிருக்குமோ!