தாய்ப்பத்திரம் இல்லாத வீடு

சிட்னியின் மேற்கே டூங்காபி என்னும் புறநகரில், ஈழத்து நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு வீட்டைப் பிரதியாக வாசிக்கலாம்தான். ஆனால் சுவரிலிருந்து தொடங்கினால் ஏமாந்துபோவோம். அந்தச் செங்கல் சுவர் எதையும் தாங்கவில்லை. கூரையைச் சுமப்பது உள்ளேயிருக்கும் மரச்சட்டம். செங்கல் வெளியே போர்த்திய ஒற்றை வரிசை. போருக்குப் பிந்தைய ஆஸ்திரேலியப் புறநகர்களில் ஏராளமான வீடுகள் இப்படிக் கட்டப்பட்டவையே. முன்புறம் வேலியில்லாத புல்தரை, பின்புறம் ஆளுயரத் தகரவேலி, நடுவில் துணி காயப்போடச் சுழலும் கம்பிக்குடை. சனிக்கிழமையானால் தெரு முழுக்கப் புல்வெட்டும் யந்திரங்களின் இரைச்சல்.

இந்த வாழ்க்கைக்கு ஓர் அரசியல் கதையாடல் உண்டு. 1942இல் ராபர்ட் மென்சிஸ் ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்று வானொலியில் பேசியபோது, சொந்த வீட்டை மையமாகக் கொண்ட நடுத்தர வர்க்கத்தையே நாட்டின் முதுகெலும்பாக நிறுத்தினார். அந்தப் பட்டியலில் இடம்பெறாமல் மறக்கப்பட்டவர்கள் யார்?

இதற்கு விடை நிலப்பதிவேட்டில் இருக்கிறது. நிலம் வாங்கப்போகும் நம்மூர் ஆள் கேட்கும் முதல் கேள்வி: “தாய்ப்பத்திரம் இருக்கா?” இங்கே பத்திரப்பதிவு என்பது பரிவர்த்தனையைப் பதிவதுதான், உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. எனவே பத்திரங்களின் சங்கிலியைப் பிடித்துப் பின்னோக்கிப் போகிறோம். ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறை இந்தச் சங்கிலியை அறுத்தது. நியூ சவுத் வேல்ஸ் 1862இல் அதற்குச் சட்டமியற்றியது. பதிவேட்டில் யார் பெயரோ, அவரே உரிமையாளர். முந்தைய கைமாற்றத்தில் ஓட்டை இருந்தாலும், மோசடியில் பங்கில்லாதவரின் உரிமை பொதுவாக அசையாது. சாதாரண ஆளுக்கு இது பெரிய பாதுகாப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை என்ற வசதி, பின்னால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம் என்ற வசதியும்தான்.

கேட்டால் என்ன வரும்? பிரிட்டிஷ் முடியரசின் மானியம் வரும். அதற்கு முன்னால் காகிதம் இல்லை, தாருக் மக்கள் இருந்தார்கள். 1791இல் டூங்காபியில் கைதிகளைக் கொண்டு அரசுப் பண்ணை அமைக்கப்பட்டது. 1797இல் பெமுல்வோய் என்ற பிட்ஜிகல் போராளியின் தலைமையில் அந்தப் பண்ணை தாக்கப்பட்டது. 1802இல் அவரைச் சுட்டுக்கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு புறநகர் இருக்கிறது. அங்கும் புல்தரை, தகரவேலி.

1992இல் மாபோ தீர்ப்பு, ஆளற்ற நிலம் என்ற பொய்யை நிராகரித்தது. ஆனால் முழுச்சொந்தமாக வழங்கப்பட்ட நிலத்தில் பூர்வகுடி உரிமை அழிந்துபோனதே என்று அதே உயர்நீதிமன்றம் 1998இல் ஃபெஜோ வழக்கில் உறுதிப்படுத்தியது. புறநகர் வீட்டைப் பொறுத்தவரை கதவு சாத்தியாகிவிட்டது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். “இஞ்ச ஒருத்தரும் வந்து எழும்பு எண்டு சொல்லேலாது” என்றார். உள்ளே போய் அலுமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். 1990இல் வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்துக்கொண்ட காணியின் உறுதி. அது இன்னும் விடுபடவில்லை.

டூங்காபி வீட்டுக்கு அவர் கையில் காகிதமே இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 2021 அக்டோபரில் காகிதச் சான்றிதழ்கள் ரத்தாகி, எல்லாம் மின்பதிவாகிவிட்டது. ஆக, அங்கே உறுதி இருக்கிறது, காணி இல்லை. இங்கே காணி இருக்கிறது, காகிதம் தேவையில்லை. தாருக் மக்களுக்கு இரண்டும் இல்லை.

நண்பர் யாரையும் விரட்டி அந்த வீட்டை வாங்கவில்லை. இருந்தாலும், விரட்டியதை மறைக்கும் பதிவேடுதான் அவரைக் காக்கிறது. அங்கே பொதுக்கூட்டங்களின் தொடக்கத்தில் மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்களுக்கு மரியாதை சொல்வது வழக்கமாகிவிட்டது. மரியாதை பதிவேட்டில் ஏறுவதில்லை. பறிபோன காணியைத் திரும்பக் கேட்கும் நாம், அந்தப் புல்தரையில் நின்றுகொண்டு எந்த நியாயத்தைப் பேசுகிறோமோ அதே நியாயம் நம் காலடி மண்ணுக்கும் பொருந்தும். நண்பர் உறுதியை மடித்து உறையில் போட்டார். அன்று மாலை அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.